வயிறு தள்ளிய சுவர்

அந்தச் சில்லுக்கல் மறுபடியும் கீழே கிடந்தது. உள்ளங்கை அளவுதான் இருக்கும். வெல்டர் அதை எடுத்து, சுவரின் நடுவில் அது இருந்த இடுக்கிலேயே செருகி, சுத்தியல் பிடியால் தட்டினார். முதலில் அந்த இடுக்கில் இதைவிடச் சிறிய சில்லு ஒன்று கச்சிதமாக நின்றது. அது விழுந்ததால் பெரியதாகப் பார்த்து இதைச் செருகியிருந்தார். இப்போது இதுவும் ஆடியது.

கல் தேயாது. பூனை தட்டிவிட்டிருக்கும் என்று முடிவு செய்துகொண்டார். ஆனால் பூனை தட்டினால் கல் விழலாம்; இடுக்கு எப்படிப் பெரிதாகும்? அந்தக் கேள்வியை அவர் மேற்கொண்டு தொடவில்லை.

வீட்டுக்குப் பின்னால் நிலம் செங்குத்தாக ஏறும். அந்த மேட்டை வெட்டித்தான் முற்றத்துக்கு இடம் எடுத்தார்கள். வெட்டிய மண் சரியாமலிருக்க, போன கோடையில் வெல்டர் தன் கையாலேயே ஆளுயரத் தடுப்புச்சுவர் எழுப்பினார். சிமென்ட் கிடையாது, சாந்து கிடையாது, கல்மேல் கல்தான். அப்படிக் கட்டுவதில் ஒரு நல்ல நியாயம் இருக்கிறது. மழை பெய்தால் மண்ணுக்குள் இறங்கும் தண்ணீர் இடுக்குகள் வழியே வடிந்துவிடும். சுவரின் முதுகில் தேங்கி அதைத் தள்ளாது. விதிகளையும் விசாரித்து வைத்திருந்தார். பெரிய கற்களை அடியில் பள்ளம் தோண்டிப் புதைத்தார். சுவர் நிமிர்ந்து நிற்காமல், ஆறடி உயரத்துக்கு ஓரடி மேட்டின் பக்கம் சாய்ந்திருக்கும்படி அடுக்கினார். கீழ்வரிசையில் இரண்டு கற்கள் சேரும் இடத்தின்மேல், மேல்வரிசையில் ஒரே கல் அமரும்படி பார்த்துக்கொண்டார். தெருவில் போனவர்கள்கூட உள்ளே வந்து பார்த்துப் பாராட்டினார்கள்.

சுவருக்கு எதிரே, கையெட்டும் தூரத்தில், பின்னறை ஜன்னல். உள்ளே கட்டிலில் மாமனார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். குளியலறையில் வழுக்கி விழுந்து, தொடையிலிருந்து கணுக்கால்வரை மாவுக்கட்டு. மற்ற படுக்கையறைகள் எல்லாம் மாடியில் என்பதால் அவரைக் கீழே வைத்திருந்தார்கள். படுத்தபடி அவர் பார்ப்பதற்கு அந்தச் சுவரைத் தவிர வேறொன்றும் இல்லை. சில்லு விழுவது பூனையின் வேலை என்று வெல்டர் அவரிடமும் சொல்லியிருந்தார்.

“மாப்பிள்ளை, உங்க சுவர் பல்லைக் கடிக்குது” என்றார் அன்று காலையில்.

“கல்லு வெயில்ல காஞ்சு சத்தம் போடும் மாமா.”

“வெயில் எங்கப்பா அடிக்குது?”

வெயில் அடிக்கவில்லைதான். நாலைந்து நாளாகவே தூறிக்கொண்டிருந்தது. மேட்டின் உச்சிக்குமேல் வானம் ஈயம் பூசினாற்போல் அசையாமல் நின்றது. இரவு முதல் கனமழை என்று ரேடியோவில் சொன்னதை மனைவி கேட்டுவிட்டு வந்தாள். கணவனைச் சமையலறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினாள். அப்பா ஒருவேளை சோற்றுக்குக்கூடத் தானாக எழுந்து உட்கார முடியாதவர் என்றாள். அவர் இன்றைக்கு அந்த அறையில் படுக்கலாமா கூடாதா, அது ஒன்றை மட்டும் சொல்லுங்கள் என்றாள்.

படுக்கலாம் என்றுதான் வெல்டர் சொன்னார். சொன்ன கையோடு ஒரு நூலை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார்.

நூல் பொய் சொல்லாது. சுவரின் உச்சிக்கல்லிலிருந்து அடிக்கல்வரை விறைப்பாக இழுத்துப் பிடித்தால், எல்லா வரிசையும் அந்த நூலை ஒட்டியே நிற்க வேண்டும். சுவரின் இரண்டு ஓரங்களிலும் அப்படித்தான் நின்றது. நடுவில் இழுத்தபோது நூல் நேராக விழவே இல்லை. இடுப்புயரக் கற்கள் அதை ஒரு கைமுட்டி அளவுக்கு வெளியே தள்ளின. அடி நகரவில்லை, தலை நகரவில்லை. வயிறு மட்டும் முன்னால் வந்திருந்தது. வயிறு உப்பும்போது கற்களின் முன்வாய் பிளக்கிறது. பிளந்த வாயிலிருந்துதான் சில்லு விழுந்துகொண்டிருந்தது.

அடித்தளம் சரி, சாய்வு சரி. பிறகு ஏன்? சுவர் மேட்டோடு சேரும் ஓரத்தில் உயரம் முழங்கால் அளவே. அங்கே போய் உச்சிக்கல்லைத் தூக்கினார். சிரமமில்லாமல் தாம்பாளம்போல் வந்தது. முன்பக்கம் ஒரு முழம் அகலம். உள்நோக்கிப் போன நீளம் ஒரு சாண்கூட இல்லை. அடுத்த கல்லும் அப்படியே. அதற்குப் பின்னால் நேராக ஈர மண்.

தகட்டு வேலையில் அகலமான பக்கத்தைத்தான் முகமாகத் திருப்புவார்கள்; ஓரங்களைப் பற்றவைப்பு பிடித்துக்கொள்ளும். கைப்பழக்கத்தில் அவர் கல்லையும் அப்படியே திருப்பியிருந்தார். கல்லுக்குப் பற்றவைப்பு ஏது? அலமாரியில் ஒரு புத்தகத்தை முதுகு மட்டும் தெரியும்படி வைத்துப் பின்னாலிருந்து தள்ளிப் பாருங்கள். கொஞ்சம் நகரும், நின்றுவிடும். அதையே அட்டை முழுவதும் தெரியும்படி நிறுத்தினால், ஒரு விரல் பட்டாலே குப்புற விழும். அவர் கட்டியது மொத்தமும் அட்டை. அந்த நேரத்தில் சுவருக்குள் ஏதோ நறநறவென்றது. இம்முறை அவருக்கும் கேட்டது.

உள்ளே போய், மாமாவை மாடிக்கு மாற்றிவிடலாம் என்றார். மாமனார் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். “பூனைன்னீங்க, வெயில்னீங்க. பூனைக்குப் பயந்து நான் எதுக்கு மாடிக்குப் போகணும்?”

மகள் கெஞ்சினாள். அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெல்டர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். “பூனை இல்ல மாமா. நான்தான் கல்லைத் திருப்பி வெச்சுக் கட்டிட்டேன். இன்னும் நனைஞ்சா அது நிக்காது. உங்க மேலதான் விழும்.”

கிழவர் போர்வையை விலக்கினார். “நாற்காலியைக் கொண்டாங்க” என்றார். “படியில மெதுவா. கிளட்ச்சை டக்குனு விட்ராதீங்க.”

அவரை மாடியில் சேர்த்ததும் கணவனும் மனைவியும் சுவருக்கு வந்தார்கள். அடியிலோ வயிற்றிலோ கை வைத்தால் மொத்தமும் சரியும். உச்சியிலிருந்துதான் பிரிக்க வேண்டும். வயிற்றுக்கு எதிரே யாரும் நிற்காமல், ஓரத்திலிருந்து வரிசை வரிசையாக எடுத்தார்கள். முழங்காலளவுக்கு இறங்கியதும், பின்னாலிருந்த மண்ணைச் சரிவாகச் சீவித் தார்ப்பாய் போட்டார்கள். மழை பிடித்துக்கொண்டது. விடிந்து பார்த்தபோது மண் சரிந்து ஜன்னல் விளிம்புவரை ஏறி, கம்பிகளுக்கிடையே பிதுங்கிக் காலிக் கட்டிலின்மேல் ஒழுகியிருந்தது. முழுச்சுவரும் நின்றிருந்தால் அந்த மண்ணோடு கல்லும் வந்திருக்கும்.

மழை ஓய்ந்து மண் உலர்ந்தபின் அதே கற்களால், அதே சாய்வில், சாந்தில்லாமலேதான் மறுபடி கட்டினார்கள். இம்முறை ஒவ்வொரு கல்லின் நீளமும் மேட்டுக்குள் போனது. வெளியே தெரிந்தது அதன் சிறிய தலை மட்டும். அதே கற்கள் இப்போது சுவரின் பாதி தூரத்துக்கே வந்ததால், இன்னும் ஒரு வண்டிக் கல் இறக்க வேண்டியிருந்தது. இடுப்புயரத்தில், கையை நீட்டி வைக்கும் தூரத்துக்கு ஒன்றாக, சுவரின் முகத்திலிருந்து முதுகுவரை ஊடுருவும் நீளக் கற்களைப் பதித்தார்கள். கல்லின் முதுகில் மண் நேரடியாகப் படாதபடி, ஒவ்வொரு வரிசைக்குப் பின்னாலும் ஓரடி அகலத்துக்கு உடைகல் நிரப்பினார்கள். தண்ணீர் அந்த உடைகல் வழியே இறங்கி அடியில் வெளியேறுகிறது. மண்ணின் அழுத்தம் கல்லின் நீளத்தில் விழுகிறது. நூல் உச்சியிலிருந்து அடிவரை நேராக நிற்கிறது.