கண்ணை மட்டும் பார்த்த மகள்

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பார்கள். வினோதினிக்கு அந்தச் சிரசிலும் இரண்டு கண்களோடு சரி. அண்ணாமலை நகரில் கண் மருத்துவ மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். காடாம்புலியூரில் முந்திரித் தோப்பு வைத்திருந்த அப்பா கலியமூர்த்தி, 2006-இல் அவளைப் பார்க்க வந்தார். கண்ணோடு ரத்தத்தையும் சோதித்தாள். அவருக்குச் சர்க்கரை இருப்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும்.

"கண்ணு நல்லா இருக்குப்பா. சக்கரைதான் ஜாஸ்தி. சிதம்பரத்துல பெரிய டாக்டர் ஒருத்தர் இருக்காரு, பாத்துட்டுப் போங்க."

பார்த்தார். ஏற்கெனவே கடலூர் டாக்டரிடம் மாத்திரை வாங்குவதை மகளிடமும் சொல்லவில்லை, சிதம்பரத்தாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிதம்பரத்தார் கோபித்துக்கொள்வார். பழைய மாத்திரையை நிறுத்தினால் கடலூர்க்காரருக்கு மரியாதைக் குறைவு. மனுஷர் இருவருக்கும் நல்ல பிள்ளையாக இரண்டையும் விழுங்கினார். பெயர்தான் வேறு, இரண்டும் ஒரே மருந்து. ஆடி அமாவாசையன்று விரதத்தோடு வெறும் வயிற்றில் விழுங்கியவர், சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயங்கினார். பிறகு எழவேயில்லை.

இரண்டு மாத்திரை அட்டைகளையும் பார்த்தபோதுதான் மகளுக்கு விளங்கியது. வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பாவி, கேட்கவில்லை.

முடிக்க ஆறு மாதமே இருந்த படிப்பை விட்டாள். "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?" என்றார்கள் கூடப் படித்தவர்கள். குடும்ப மருத்துவம் படித்துக் கடலூரில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்தாள். தலைவலி என்று வருகிறவரிடம் சாப்பாடு, தூக்கம், மருமகளோடு சண்டை வரை விசாரிப்பாள். ஊரே வந்தது; அம்மா அமிர்தம் மட்டும் வரவில்லை. பிரஷர் ஏறித் தலைசுற்றி விழுந்தாலும் பண்ருட்டிக்குத்தான் போவாள். அம்மா தன்னை மன்னிக்கவில்லை என்றே கிளினிக் வைத்த நாளிலிருந்து நொந்துகொண்டிருந்தாள் வினோதினி.

2012-இல் ஒருநாள், பொறுக்க முடியாமல் ஊருக்குப் போய் அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள்.

"என்னாலதாம்மா அப்பா போனாரு. நான் கேட்டிருக்கணும். அதுக்காக என்கிட்ட வைத்தியம் பாக்காம இருக்காதம்மா."

அமிர்தம் மகளைத் தூக்கிப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"உம்மேல கோவமில்லடி. உன்கிட்ட வந்தா நீ எல்லாத்தயும் கேப்ப. அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னும் கேப்ப. மேலெல்லாம் வேத்து ஊத்துது, கை நடுங்குது, ஒரு வாய் சோறு குடுன்னு கேட்டாரு. காக்கா இன்னும் எடுக்கல, செத்த பொறுங்கன்னு நான்தான் சொன்னேன். சோத்தப் பக்கத்துலயே வச்சிக்கிட்டுச் சொன்னேன்."