முழங்காலில் பட்ட காற்று

மகனின் கால்கள் அசைகின்றனவா என்று பார்த்துக்கொண்டே நின்றாள் ஸ்தமேனா. இடுப்புவரை காருக்குள் டாஷ்போர்டுக்கு அடியில் புகுந்திருந்தான். கால்கள் மட்டும் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. துக்கத்துக்கென்று போட்ட கறுப்புக் கால்சட்டையில் முற்றத்துச் சேறு அப்பியிருந்தது.

"வுகாஷின்."

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல."

கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி கூப்பிட்டாள்.

"சொல்லும்மா."

"குளிருதா?"

"இல்ல. நீ உள்ள போ."

அவள் போகவில்லை. முந்தாநாள் இதே கதவுக்கு வெளியே அவள் கணவன் ராதிசாவின் கால்கள் இப்படித்தான் நீட்டிக்கொண்டிருந்தன. சமையலறை ஜன்னலைத் திறந்து அந்தக் கால்களை அவள் திட்டினாள். "பீன்ஸ் ஆறுது. வர்றியா, இல்ல அங்கேயே படுத்துக்கிறியா?" பதில் இல்லை. வீம்பு பிடித்த மனுஷன் என்று ஜன்னலை அறைந்து சாத்திவிட்டுத் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். ரொட்டியால் தட்டைத் துடைத்து, வயிறு நிறையச் சாப்பிட்டாள். அந்நேரம் அவர் உயிர் போயிருந்தது.

துக்கத்துக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும் அவித்த கோதுமைத் தட்டுடன் கோசாரா வந்தாள். ராதிசாவின் தங்கை. வாய் சும்மா இருக்காத பிறவி.

"அண்ணன் உள்ள பெட்டியில கிடக்கு. பிள்ளை இங்க ஸ்பேனரோட கிடக்கான். இழவு வீட்டுல இன்னிக்கு இந்த வேலை தேவையா அண்ணி? எங்க வண்டியில வந்துடுங்களேன்."

"அப்பா வண்டியிலதான் அத்தை போறோம்," என்றது உள்ளிருந்து குரல். "மழையைப் பாத்தீங்கல்ல? ஃபேன் ஓடலைன்னா கண்ணாடி பூரா ஆவி பிடிச்சுக்கும். அப்புறம் இன்னும் ரெண்டு குழி தோண்டணும்."

கோசாரா சிலுவை போட்டுக்கொண்டாள். "டாக்டர் மாரடைப்புங்கறாரு. அவரு படிச்ச லட்சணம். ரெண்டு பக்கக் கதவையும் திறந்துபோட்டு நடுவுல படுத்தா என்ன ஆகும்? குறுக்குக்காத்துதான் அண்ணனைக் கொண்டுபோச்சு."

மொராவா ஆற்றங்கரையில் யார் எப்படிச் செத்தாலும் முதல் பழி குறுக்குக்காற்றின் மேல்தான் விழும். ஸ்தமேனாவும் அதில் இளைத்தவள் இல்லை. கொளுத்தும் கோடை வெயிலில்கூடப் பேருந்து ஜன்னலைத் திறக்க விடமாட்டாள்.

காரின் காற்று ஃபேன் இலையுதிர்காலத்தில் கத்த ஆரம்பித்தது. டகடகவென்று சத்தம். வேகத்தைக் கூட்டினால் பேச்சே கேட்காது. ராதிசாவ் அதை ஒன்றில் வைத்துக் கேட்டார், மூன்றில் வைத்துக் கேட்டார், வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார். "டிராக்டர்ல உக்காந்த மாதிரி இருக்கு, இதுல நான் எந்தக் கல்யாணத்துக்கும் வரமாட்டேன்," என்று இவள் தினமும் அரித்தாள். கடைசியில் அவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார்.

"மூணு ஸ்க்ரூல ரெண்டைக் கழட்டியிருக்காரும்மா," என்றான் வுகாஷின். "நான்தான் சொன்னேன். ஆஸ்திரியாவுல லாரியை ஓரங்கட்டிட்டு, போன்ல சத்தத்தைக் கேட்டேன். வேகம் கூட்டினா சத்தம் கூடுதான்னு கேட்டேன். கூடுதுன்னாரு. அப்ப பேரிங் போயிடுச்சு, கீழ படுத்து மோட்டாரை எறக்குப்பான்னுட்டேன். நான் வந்து பாத்துக்கறேன்னு ஒரு வார்த்தை என் வாயில வரல."

கடைசி ஸ்க்ரூ கழன்றது. மோட்டாரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அவன் வெளியே வந்தான். ஃபேன் சக்கரத்தின் இதழ்களுக்கு நடுவே கிழிந்த காகிதமும் அட்டைத் துண்டுகளும் சிக்கியிருந்தன. ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்துவிட்டு விரலால் சுற்றினான். சக்கரம் சத்தமில்லாமல் சுழன்றது.

"பேரிங் நல்லாத்தான் இருக்கு. எலி வேலை." அவன் முகம் வெளிறிப்போயிருந்தது. "மோட்டாரை எறக்கவே வேணாம்மா. முழங்காலுக்கு எதிர்ல காத்தை உள்ள இழுக்கற ஓட்டையில கையை விட்டா காகிதம் வந்திருக்கும். சீட்டுல உக்காந்துகிட்டே எடுத்திருக்கலாம்."

உள்ளங்கையை விரித்துக் காட்டினான். ஒரு துண்டில் சிவப்பு எழுத்து இருந்தது, திருநாளுக்குப் போடும் சிவப்பு.

அது போன வருஷத்துக் கோயில் காலண்டர். புனிதர்களின் பெயர் இருப்பதால் எரிக்கவும் கூடாது, குப்பையில் போடவும் கூடாது. அலமாரிக்குப் பின்னால் கிடந்ததை இவள்தான் நாலாக மடித்து அந்த ஓட்டையில் திணித்தாள். முழங்காலில் காற்று பட்டது. காற்றும் அடைபடும், வண்டிக்குப் புனிதரின் துணையும் ஆச்சு என்று கணக்குப் போட்டாள். அப்புறம் சத்தம் வந்தபோது இதையும் அதையும் அவள் முடிச்சுப் போட்டுப் பார்க்கவே இல்லை.

"எலிக்கு என்ன தெரியும், பாவம்," என்றாள் கோசாரா.

எலியாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஸ்தமேனா நினைத்தாள். வெட்கம் கெட்டு, மனசார அப்படித்தான் நினைத்தாள்.

பெட்டியைச் சவ வண்டியில் ஏற்றினார்கள். பின்னால் இவர்கள் கார். வுகாஷின் கோட்டைப் பின்சீட்டில் எறிந்துவிட்டு ஃபேனை முழு வேகத்தில் வைத்தான். சத்தமே இல்லை. கண்ணாடியில் படிந்திருந்த ஆவி கீழிருந்து மெல்ல விலகியது.

"பாத்தியா, எப்படி ஓடுது," என்றான். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான். "என் வாய்தாம்மா அவரைக் கொன்னுச்சு. சாகற வரைக்கும் எனக்கு இது போகாது."

பால்கடைத் திருப்பத்தில் ஸ்தமேனா அவன் பக்கம் திரும்பினாள். அவனுக்கு அப்பனின் தாடை. அழுகையை அடக்கும்போது அதே மாதிரி இறுகியது.

"எலி இல்லடா," என்றாள்.

அவன் திரும்பிப் பார்த்தான்.

"நான்தான் வெச்சேன். பழைய காலண்டர். முழங்கால்ல காத்து பட்டுச்சு."

அவன் ஏதாவது கத்துவான் என்று காத்திருந்தாள். கத்தினால் தேவலை என்றிருந்தது. வைப்பர் போய்ப் போய் வந்தது. முன்னால் பெட்டி போன வண்டி மேட்டில் திணறி ஏறியது. அடைப்பு இல்லாத ஓட்டையை நோக்கிக் காற்று ஜில்லென்று அவள் முழங்கால்களைத் தொட்டுக்கொண்டு உள்ளே போயிற்று. அவள் கால்களை ஒதுக்கவில்லை.

வுகாஷின் சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல் பின்னால் கையை நீட்டித் துழாவினான். தன் கோட்டை இழுத்து அவள் மடியில் போட்டு, காற்று புகாதபடி அதன் ஓரத்தை அவள் முழங்காலுக்கு அடியில் செருகிவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான்.