ஜூனோவுக்கு என்னைத் தெரியல

எனக்குக் கோவம் மூக்குக்கு மேல வரும். ஊரறிஞ்ச விசயம். அந்தக் கோவத்துலதான் ஜூனோவை அங்கனயே விட்டுட்டு வந்தேன்.

ஜூனோ தூத்துக்குடி துறைமுகத்துல மோப்ப நாயி. ஏழு வருசமா அவளை நடத்துனது நான்தான். ஆவுடையப்பன்னு கேட்டா ஒருத்தனுக்கும் தெரியாது, ஜூனோ ஆளுன்னாத்தான் தெரியும். கண்ணுல புரை விழுந்து பார்வை சுத்தமா போகவும் ரிட்டையர்டு பண்ணி, விளாத்திகுளம் பக்கம் ஒரு காப்பகத்துல விட்டுட்டாங்க. வீட்டுல நாயி வேண்டாம்னு நின்ன பொண்டாட்டியைச் சம்மதிக்க வைக்க ரெண்டு மாசமாச்சு. புதுச் சங்கிலி வாங்கிக்கிட்டு, கூட்டிட்டு வரப் போனேன்.

எங்க தொழில்ல ஒரு பழக்கம். நாயிகிட்ட வாயத் திறக்காம போயி நிக்கணும். அது மோந்தே ஆளைக் கண்டுபிடிக்கணும். கண்ணு போனா என்ன, மூக்கு இருக்குல்லா? கூண்டு முன்னால சத்தங்காட்டாம நின்னு கையை நீட்டுனேன். மோந்தா. உறுமுனா. பல்லைக் காட்டிட்டு மூலைல போயி ஒடுங்கிட்டா.

ஏழு வருசம் சோறு போட்ட கையி! ரெண்டே மாசத்துல மறந்துட்டியேன்னு மனசுக்குள்ள வைஞ்சுட்டு பஸ் ஏறிட்டேன். இருபதாம் நாள் செத்துப்போனா.

காப்பகத்துக்கு வைத்தியம் பாக்க வாற டாக்டர் விஜிலா போன் பண்ணுனாவ. நாய் மூக்கைப் பத்தி ஆராய்ச்சி பண்ணுதாவளாம், ஜூனோ மூக்குலருந்து கொஞ்சம் சதை எடுத்துக்கிடலாமான்னு கேட்டாவ. எடுத்துக்கோங்கன்னேன்.

நேத்து லேபுக்குப் போனேன். மைக்ராஸ்கோப்புல முதல்ல வேற ஒரு நாயோட மூக்கைக் காட்டுனாவ. உள்தோல் பூரா காப்பிப்பொடி நிறம்.

"மோப்பம் பிடிக்கிற செல்லுல இருக்க, சர்க்கரை சேர்ந்த புரதம் அண்ணாச்சி. கிளைக்கோபுரோட்டீன்னு சொல்லுவோம். அது இருக்க இடத்துலதான் இந்தச் சாயம் பிடிக்கும்."

அடுத்தது ஜூனோவோடது. வெளிறிக் கெடந்துச்சு. அங்கன இங்கன ஒரு பொட்டு.

"காப்பகத்துக்கு வந்த புதுசுல கடுமையான சளிக்காய்ச்சல் வந்துச்சு. அதுல மோப்பம் பிடிக்கிற இடமே அழிஞ்சிருக்கு. அவளுக்கு எந்த வாசனையும் தெரிஞ்சிருக்காது."

"அப்ப நான் போனப்ப?"

"யாரோன்னு பயந்திருப்பா அண்ணாச்சி."

"காது கேட்டுச்சா டாக்டரம்மா?"

"நல்லா கேட்டுச்சே. வாசல்ல ஆம்பளக் குரல் கேட்டாப் போதும், எந்திரிச்சு ஓடிவந்து கம்பிகிட்ட நிப்பா. கொஞ்ச நேரம் கேட்டுட்டு, திரும்பிப் போயி படுத்துக்கிடுவா."

ஐயோ, படுபாவி நான், அன்னைக்கு ஒரு வார்த்தை பேசலியே.