சல்லிக்காசு கடன் கிடையாது

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை யாரும் வந்து எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அது ஒரு நாள் என் வீட்டுக்காரரின் வேலையில் கை வைக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அவர் கடற்படைப் பட்டறையில் ரேடார் பழுது பார்ப்பவர். அந்த அறைக்கு இரண்டு கதவுகள். கழுத்தில் தொங்கும் அட்டையைக் காட்டினால்தான் இரண்டாவது திறக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று பதினெட்டு வருஷமாக என்னிடம்கூட மூச்சு விட்டதில்லை. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை அந்த அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். அப்போது ஆளின் பூர்வோத்தரம் முழுக்க விசாரிப்பார்கள்.

இந்த முறை ஒரு கடன் இருந்தது. என் தம்பி அச்சகம் வைத்தபோது வங்கியில் ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் இவர். போடச் சொல்லி மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவள் நான். அச்சகம் படுத்தது, தம்பி தலைமறைவானான், வங்கி இவர் கழுத்தைப் பிடித்தது. மாதாமாதம் சம்பளத்தில் பாதி அங்கே போகிறது. ஒரு நாள்கூட இவர் அதைக் குத்திக் காட்டியதில்லை. அதுதான் எனக்குத் தாங்காது. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை விசாரணை அதிகாரி வீட்டுக்கு வந்தார். தலை நரைத்த, அமைதியான மனிதர். சோபாவின் கிழிசலை மறைக்க நான் போட்டிருந்த துணி நழுவியிருந்தது. அதை இழுத்துச் சரிசெய்துவிட்டு உட்கார்ந்தார். எனக்கு அப்போதே மானம் போயிற்று. குடிப்பாரா, யார் வந்து போகிறார்கள் என்றெல்லாம் கேட்டவர், கடைசியில், கடன் ஏதாவது உண்டா என்றார்.

பிறந்த வீட்டு அசிங்கத்தை முன்பின் தெரியாதவரிடம் எப்படிச் சொல்வது? இவருக்குக் கெட்ட பெயர் வந்துவிடக் கூடாது என்றும் நினைத்தேன். இரண்டில் எது முதலில் தோன்றியது என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

"அவருக்கா? சல்லிக்காசு கடன் கிடையாது சார். இருந்தா எனக்குத் தெரியாம இருக்குமா?"

அவர் எழுதிக்கொண்டு போனார். நான் பெருமையாகக் கதவைச் சாத்தினேன்.

மூன்று வாரம் கழித்து இவருடைய அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இவர் படிவத்தில் எதையும் ஒளிக்கவில்லை. கடன் இருக்கிறது, ஒழுங்காகக் கட்டுகிறேன், மனைவிக்கும் தெரியும் என்று எழுதியிருக்கிறார். அதோடு முடிந்திருந்தால் விட்டிருப்பார்களாம். நான்தான் கடனே இல்லை என்று அடித்துச் சொல்லிவிட்டேனே. பெண்டாட்டிக்கே தெரியாத கடன் என்றால், நாளைக்கு எவனாவது அவளிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டியே உள்ளே இருக்கும் விஷயத்தைக் கறந்துவிடலாம் என்று இவரிடம் விளக்கினார்களாம்.

"எழுதினதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"வீட்டுல சொல்லிக் குடுக்கக் கூடாதுன்னு படிவத்துலயே போட்டிருந்துச்சு," என்றார். "நீ உள்ளதைத்தானே சொல்லப்போறேன்னு நெனச்சேன்."

மறுநாளே அந்த அலுவலகத்துக்குப் போனேன். வாசல் அறையில் இரண்டு மணி நேரம் காத்திருந்த பிறகு அதே அதிகாரி வந்தார். வங்கிக் கடிதங்களைப் பரப்பி, தம்பி கதை முழுவதையும் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அன்னைக்கும் இதே மாதிரி என் கண்ணைப் பார்த்துத்தாம்மா சொன்னீங்க. இப்ப நான் எதை எழுதறது?"

பரப்பின கடிதங்களை ஒவ்வொன்றாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன். மேல்முறையீடு செய்யலாமாம், ஒரு வருஷம் ஆகுமாம். அதில் என் பேச்சு எடுபடாதாம்.

இப்போது இவர் வெளிக் கொட்டகையில் திருகாணிகளை எண்ணிப் பெட்டியில் போடுகிறார். அந்த அறையில் வேலை பார்ப்பதற்கென்று சம்பளத்தோடு வந்த படிப்பணம் போய்விட்டது. அதனால் தவணை தள்ளிப்போகிறது. தவணை தள்ளிப்போனால் அட்டை திரும்பி வராது. இதை நான் எந்தப் பக்கம் பிடித்து இழுத்தாலும் என் கைக்குத்தான் வருகிறது.

நேற்று துணி காயப்போடும்போது அடுத்த வீட்டு அக்கா, "என்ன, உங்க வீட்டுக்காரர் இப்பல்லாம் நாலு மணிக்கே வந்துடறாரு?" என்று கேட்டார். ஜன்னலுக்கு உள்ளே இவர் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக.

"பதவி உயர்வு குடுத்திருக்காங்கக்கா. இனிமே மேற்பார்வை மட்டுந்தான்."

உள்ளே இவர் கை நின்றது. தலையை நிமிர்த்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தைக்க ஆரம்பித்தார்.