தலை எந்தப் பக்கம்

"தலை எந்தப் பக்கம் வைக்கணும்மா?" என்று கேட்டார் சவ அடக்கக்காரர் ஹோபார்ட். சவப்பெட்டி வண்டியை நடுப்பாதையில் நிறுத்திவிட்டு, பதில் வராமல் ஒரு அடி நகரமாட்டேன் என்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டார்.

ரெனாட்டாவுக்கு எங்காவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. அப்பா செவ்வாய்க்கிழமை போனார். அன்றிலிருந்து ஆளுக்கொரு கேள்வியோடு வந்துகொண்டே இருக்கிறார்கள். இது கோயில் வழக்கம் பற்றிய கேள்வி. செத்தவர் சாதாரண ஆள் என்றால் கால் பீடத்தின் பக்கம்; எல்லோரையும்போல் பீடத்தைப் பார்த்துக் கிடப்பார். சாமியார் என்றால் தலை பீடத்தின் பக்கம். பூசையில் நின்றதுபோலவே சனங்களைப் பார்த்துக் கிடப்பார். அப்பா இதில் எந்த வகை?

"யோசிக்க என்ன இருக்கு? கால் அந்தப் பக்கம்," என்றாள் டோலரெஸ் அத்தை. "என் தம்பி லென் பஃபலோ ரோட்டுல பனி தள்ளுற வண்டி ஓட்டினவன். ரோம் அவனுக்குக் குருப்பட்டம் குடுக்கல."

"நான் குடுத்தேன்," என்றார் ஆயர் ஆம்ப்ரோஸ், அங்கியைத் தலைவழியாக மாட்டிக்கொண்டே.

"நீங்க மருந்துக்கடையில மாத்திரை எண்றவரு."

"ஆமாங்க. மூணு மணிக்கு டியூட்டி. அதுக்குள்ள ஆரம்பிச்சா நல்லது."

அவர் கோபப்படவில்லை. ரோமோடு ஒட்டாத சின்னத் திருச்சபை அது. யாருக்கும் சம்பளம் கிடையாது. ஆயரே கடையில் நிற்கும்போது அப்பா லெனார்டு வண்டி ஓட்டியதில் ஆச்சரியம் என்ன? வாரமெல்லாம் வேலை, ஞாயிறு மாலை லூத்தரன் சபைக்காரர்களிடம் இரவல் வாங்கிய இந்தக் கோயிலில் பூசை. பனி கொட்டினால் அவரை ரோட்டுக்குக் கூப்பிட்டுவிடுவார்கள், பூசை நின்றுபோகும். விவாகரத்துக்குப் பின் மறுமணம் செய்துகொண்டதால் வேறெங்கும் நற்கருணை கிடைக்காத அவருடைய சனங்கள், வானிலைச் செய்தியைப் பார்த்துவிட்டுத்தான் கோயிலுக்குக் கிளம்புவார்கள்.

வீட்டுக்கு மிச்சம் கிடைத்தது அவருடைய அசதி மட்டும்தான். சூப் ஆறிக்கொண்டிருக்க, கரண்டியைப் பிடித்தபடியே மேசையில் தூங்கிப்போவார். அந்தக் கோபம் ரெனாட்டாவுக்கு இன்னும் தீரவில்லை. அவரை இப்படிப் படுக்கவைத்த பிறகும் தீரவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

"கால் பீடத்துப் பக்கமே இருக்கட்டும்," என்றாள்.

ஆயர் நிமிர்ந்து பார்த்தார்.

"அத்தைக்காக இல்ல ஃபாதர். இன்னைக்காவது வேற யாராவது பூசை வைக்கட்டும். அவர் சும்மா படுத்திருக்கட்டும்."

ஆயர் தலையாட்டினார். அந்த அசதியை அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

காலையிலிருந்தே பனி. அப்பாவோடு வண்டி ஓட்டிய டிப்போ ஆட்கள் ஆரஞ்சு சட்டையோடு, வேலைக்கு நடுவில் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சனங்கள் அவரவர் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார்கள். ஜெயித்துவிட்ட அத்தை முதல் வரிசையில் உட்கார்ந்தாள். உடனே எழுந்தாள். திறந்திருந்த பெட்டியருகே போய்ப் பார்த்துவிட்டு வந்து, மறுபடி உட்கார்ந்தாள்.

"முகம் தெரியலடி."

"இப்பத்தானே அத்தை கிட்டப் போய்ப் பாத்தீங்க?"

"கிட்டப் போனாத் தெரியுது. இங்கேருந்து நரச்ச உச்சந்தலைதான் தெரியுது." அத்தை பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். "இவங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருக்கும், இல்ல? ஞாயித்துக்கெழம, இங்க உக்காந்தா?"

"நல்லாத் தெரியும்."

அத்தை ஒரு ஞாயிறுகூட வந்ததில்லை. வரமாட்டேன் என்று தம்பியின் முகத்துக்கு நேரே சொன்னவள். ரெனாட்டாவின் முழங்கையைத் தொட்டாள்.

"திருப்பி வைக்கச் சொல்லு."

"அவர் ஓய்வா இருக்கட்டும்னுதான் அத்தை..."

"இருக்கட்டும். நம்மளப் பாத்துக்கிட்டே இருக்கட்டும்."

பாதை குறுகல். ஹோபார்ட் தனியாக முட்டி மோதிப் பார்த்தார், வண்டி இருக்கையில் இடித்து நின்றது. பின்னாலிருந்து டிப்போ மேஸ்திரி டுவெய்ன் ஆட்களோடு எழுந்து வந்தார்.

"தள்ளுங்க சார், எங்களுக்கு இதுதான் பொழப்பு. டேய், பின்னாடி எடு. இடது பக்கம் ஒடி. இன்னும் கொஞ்சம். போதும், நேராக்கு."

முட்டுச்சந்தில் வண்டியைத் திருப்புவதுபோலவே திருப்பிவிட்டார்கள். அப்பாவின் தலை பீடத்தின் பக்கம் போயிற்று. ரெனாட்டா அத்தையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இங்கிருந்து அவர் முகம் முழுதாகத் தெரிந்தது.

ஆயர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கைகளை விரித்தார்.

"ஆண்டவர் உங்களோடு இருப்பாராக."

சனங்கள் பதில் சொல்ல வாய் திறக்கும் முன்பே அத்தையின் குரல் தனியாக எழுந்தது.

"உம்மோடும் இருப்பாராக."

அவள் ஆயரைப் பார்க்கவில்லை, தம்பியின் முகத்தைப் பார்த்தாள்.