விழாமல் நின்ற அடிகள்

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குப் பம்பரம் என்ற பெண் நிறுத்திய உதை, வியாழக்கிழமை மத்தியானம் கூடத்தைப் பெருக்க வந்தவரின் கன்னத்தில் விழுந்தது. அவர் துடைப்பத்தோடு போய்ச் சுவரில் சாய்ந்தார், சுற்றிலும் பார்த்தார், யாருமில்லை. மறுநாளிலிருந்து முகம் மூடிய ஹெல்மெட்டோடு பெருக்கினார். அந்த விளையாட்டுக் கூடத்தில் இதைப் பற்றிப் பெரிய பேச்சு எழவில்லை. கராத்தே போட்டியில் எதிராளியின் முகத்தைத் தொட்டால் தவறு, ஒரு விரற்கடை முன்னால் நிறுத்தினால் புள்ளி. எல்லாரும்தான் நிறுத்துகிறார்கள். பம்பரம் நிறுத்திய அடி மட்டும், யாருடைய முகமாவது வந்து சேரும்வரை அந்த இடத்திலேயே அந்தரத்தில் நிற்கும். தலையணையை வீசிப் பார்த்தார்கள், கம்பால் துழாவிப் பார்த்தார்கள். முகத்துக்கென்று ஓங்கியது முகத்தில்தான் விழுந்தது. விழுந்ததோடு அது தீர்ந்தும் போனது.

பம்பரம் என்பது கூடத்துக்காரர்கள் வைத்த பெயர். அவளுக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. பல் தேய்க்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் ஒரு கால் மேலே போய் வரும். பத்து வயதில் அவள் பழகத் தொடங்கியபோது ஏழு வயதுத் தங்கைதான் எதிராளி. வீடே ஓர் அறையும் ஒரு சமையலறையும்தான். தங்கையின் மூக்குக்கு நேரே அவள் நிறுத்திய குத்துகள் தங்கையோடு சேர்ந்து உயர்ந்துகொண்டே போயின, மூன்றரை அடியில் தொடங்கி ஐந்தடி வரை. எது எங்கே நிற்கிறது என்பது தங்கைக்கு மனப்பாடம். கையில் தண்ணீர்க் குடத்தோடு குனிந்து, வளைந்து, அரை வட்டம் அடித்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் அறையைக் கடந்துவிடுவாள்.

தேசியப் போட்டியின் இறுதிச் சுற்றில் எதிராளிப் பெண்ணின் மூக்கு உடைந்தபோது பம்பரம் அவளுக்கு ஆறடி தள்ளி நின்றாள். காலைச் சுற்றில் அதே விரிப்பில் நிறுத்திய குத்து ஒன்றுக்குள் அந்தப் பெண் பின்வாங்கித் திரும்பியிருந்தாள். நடுவர்கள் விதிப் புத்தகத்தை இரண்டு முறை புரட்டினார்கள், அதில் ஒன்றுமில்லை. ரத்தம் ரத்தம்தானே என்று அவளை இரண்டு வருடம் விலக்கிவைத்தார்கள். பார்வையாளர் வரிசையில் இருந்த ஸ்டண்ட் மாஸ்டர் மட்டும் வாசல்வரை அவள் பின்னாலேயே வந்தார்.

"சினிமாவுல அடிக்கிறது எல்லாமே நிறுத்துற அடிதாம்மா. நீ அதுக்குன்னே பொறந்தவ" என்றார்.

தங்கையின் கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருக்கும்போது பம்பரம் கிளம்பிவிட்டாள். முதலில் கதாநாயகிக்குப் பதிலாகச் சண்டை போட்டாள். முதுகு மட்டும் தெரியும், முடியும் அவளுடையதல்ல. ஒவ்வொரு டேக்குக்கும் ஓர் அடி அந்தரத்தில் தங்கும் என்பதால், அந்த இடங்களைத் தரையில் சுண்ணக்கட்டியால் குறித்துவைக்க ஒரு உதவி இயக்குநர் இருந்தார். ஒரு நாள் பாட்டுக் காட்சிக்காக யாரோ தரையைச் சுத்தமாகக் கழுவிவிட்டார்கள். கதாநாயகி சிரித்தபடி நடந்து வந்தாள், நான்காவது டேக்கின் உதையை வாங்கினாள், தாடை வீங்கி வீட்டுக்குப் போனாள். செட்டைப் பிரிக்க ஆறு நாள்தான் இருந்தது. இயக்குநர் கேமராவைப் பம்பரத்தின் முகத்துப் பக்கம் திருப்பச் சொன்னார். யாரும் தொடாமலே ஆட்கள் பறந்து விழுந்த அந்தப் படம் ஓடு ஓடென்று ஓடியது.

அதன் பிறகு நான்கு வருடத்தில் ஏழு படம், பதினோரு வாடகை வீடு. எந்த வீடும் மூன்று நான்கு மாதத்தில் நின்ற அடிகளால் நடமாட முடியாதபடி நிறைந்துவிடும், பெட்டியைத் தூக்கிவிடுவாள். பெயரும் புகழும் வந்தன, நிம்மதி மட்டும் வரவில்லை. அந்தப் பழைய அறையை நினைத்தாலே அவளுக்குப் பயமாக இருந்தது. தங்கையும் கணவரும் அங்கேதான் இருந்தார்கள், அவர்களுக்கு ஒரு பெண்ணும் பிறந்திருந்தாள்.

"அக்கா, பாப்பா மூணடி ஆயிட்டா" என்று தங்கை போனில் சொன்னாள்.

"இந்த ஷெட்யூல் முடியட்டும், வந்துடறேன்."

ஷெட்யூல் முடிந்தது, அடுத்தது தொடங்கியது. மூணடி ஒரு அங்குலம் என்றாள் தங்கை, பிறகு மூணடி மூணு அங்குலம் என்றாள். ஒரு மழைக்காலக் காலையில், குழந்தை கண்ணாடி பார்க்க எக்கி நின்றுவிட்டாள் என்று செய்தி வந்தது. "புருவத்துல மூணு தையல். நீ வேலையப் பாரு" என்று சொல்லித் தங்கை போனை வைத்துவிட்டாள். பம்பரம் சண்டை உடையைக்கூட மாற்றாமல் காரில் ஏறினாள். முகத்தில் கீறல் விழக்கூடாது என்று பட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தது வழியில் நினைவுக்கு வந்தது, மறந்தும் போனது.

அறைக்குள் அவள் மண்டி போட்டாள். குழந்தையைச் சமையலறையில் உட்கார வைத்துவிட்டுத் தங்கை இடம் சொன்னாள். "கொஞ்சம் இடது பக்கம். இன்னும் கீழ. ம், அங்கதான்." பத்து வயதுக் கையின் குத்துகள் முதலில் வந்தன, அவ்வளவாக வலிக்கவில்லை. பதினான்கு, பதினைந்து வயதுக்கு வந்தபோது எழுந்து முழங்காலைப் பாதி மடித்து நின்றாள். அந்த வயதில் அவள் நன்றாகவே குத்தியிருந்தாள். தங்கை நடுநடுவே ஈரத்துணி பிழிந்து கொடுத்தாள், போதும் என்று மட்டும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் அறை காலியானது. குழந்தை சமையலறையிலிருந்து ஜன்னல்வரை நேர்க்கோட்டில் ஓடினாள், திரும்பி ஓடி வந்தாள், மறுபடியும் ஓடினாள். பம்பரம் வீங்கிய கண்ணால் பார்த்து அழுதாள்.

கிளம்பும்போது பையைத் தேடினாள். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் வைத்திருப்பதாகத் தங்கை சொன்னாள். குனிந்து எடுத்து நிமிர்ந்ததும் இடது கன்னத்தில் பளாரென்று ஒன்று விழுந்தது. குத்தல்ல, உள்ளங்கை.

"அது என்னோடது" என்றாள் தங்கை. "நீ சொல்லாம கொள்ளாம பெட்டி கட்டினியே, அன்னைக்கு ஓங்கினது. கல்யாண வீடாச்சேன்னு நிறுத்திட்டேன்."

பம்பரம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பையை நீயே அங்க வச்சியா?"

"பின்ன?"

அவள் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். படப்பிடிப்பு ஒன்பது நாள் தள்ளிப்போனது. மற்ற வீக்கமெல்லாம் வடிந்தது, இடது கன்னத்தின் நான்கு விரல் தடம் மட்டும் போகவில்லை. ஒப்பனைக்காரர் இரண்டு நாள் பூசிப் பார்த்து விட்டுவிட்டார். அதற்குப் பிறகு வந்த எல்லாப் படங்களிலும் அது இருக்கிறது.