கோக்-பெல் ஓநாயின் கால்கட்டு

கோக்-பெல் ஊர் அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைத்திருந்த ஓநாய், இருபது வருடத்துக்கு மேல் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டு, கம்பளி விலை ஏறிய வசந்தத்தில் நான்கு விரற்கடை முன்னால் வந்தது. வாசல் பக்கமாக வந்தது. ஊரில் அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. அந்த வருடம் எல்லாருக்கும் கம்பளிதான் பேச்சு.

செத்த மிருகம் மாறாது என்பது அதோடு குடித்தனம் நடத்தாதவர்களின் நினைப்பு. அந்த ஒற்றைக் கூடத்தில் நாள் முழுக்கக் காவல் உட்கார்ந்திருந்த சைகலுக்கு அப்படி எந்த மயக்கமும் கிடையாது. ஜன்னல் வெயில் நரியின் சிவப்பையெல்லாம் உறிஞ்சி வைக்கோல் நிறமாக்கியிருந்தது. காட்டுக்கோழியின் பச்சைக் கழுத்து ஆறிப்போன தேநீர் மாதிரி ஆகிவிட்டது. மலையாட்டின் காதுகள் காய்ந்த பாதாமிப் பழமாகச் சுருண்டன, மிச்சத்தை அந்துப்பூச்சி பார்த்துக்கொண்டது. ஓநாயின் கதை வேறு. அது பெண். பள்ளத்தாக்கில் குகை வாசலிலேயே சுட்டு, குட்டிகளைச் சாக்கில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். போர்க்காலத்தில் அந்த ஊருக்கு நாடுகடத்தப்பட்டிருந்த ஜெர்மன் கைவினைஞர் ஒருவர் தோலை உரித்து, பாஷாணம் தடவி, வைக்கோல் அடைத்துத் தைத்தார். மடியில் பால் கட்டியிருந்தது என்று அவர் எல்லாரிடமும் சொன்னார், யாரும் காது கொடுக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகள் பார்க்க வருவார்கள், பயப்படக்கூடாது என்று மேலிடத்தில் சொன்னதால் வாயை மூடிய மாதிரி தைத்தார். ஆனால் தோல் காயக் காயச் சுருங்கும். வருடத்துக்கு வருடம் மேலுதடு மேலேறி, முதலில் பல் நுனி தெரிந்தது, பிறகு பல், பிறகு ஈறு. வயிற்றுத் தையலும் விட்டு வைக்கோல் எட்டிப் பார்த்தது. தலைநகரிலிருந்து வந்த ஆய்வாளர் இதெல்லாம் இயற்கை என்றார். ஓநாய் நகர்ந்ததைச் சொன்னபோது, பீடத்து மரமும்தான் காயும் என்று சொல்லி, சைகல் ஊற்றிய தேநீரைக் குடித்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

சைகல் அதன் பாதங்களில் ஆணி அடித்துப் பார்த்தாள். கொஞ்ச நாளில் ஆணிகள் தரையில் கிடந்தன, ஓநாய் பீடத்தை விட்டு இறங்கியிருந்தது. இலையுதிர் காலத்தில் அதன் மூக்கு வாசல் கதவைத் தொட்டது. அப்போது சைகலின் மகள் ஜிபாருக்கு எட்டு மாதம். காவல் நாற்காலியில் உட்கார்ந்தபடி அவளுக்காகக் கறுப்பும் வெள்ளையுமாகக் கம்பளிக் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தாள். குழந்தை எழுந்து நிற்கும்போது அந்தக் கயிற்றால் காலைக் கட்டுவார்கள், ஊர்ப் பிள்ளைகள் பந்தயம் ஓடுவார்கள், முதலில் வரும் பிள்ளை கயிற்றை வெட்டிவிடும், பிறகு அந்தக் குழந்தை ஆயுசுக்கும் தடுக்காமல் நடக்கும். அந்தப் பள்ளத்தாக்குக்கு நேர் மேலேதான் சைகலின் கணவன் ஒரோஸ்பெக், கூட்டுப்பண்ணையின் ஆடுகளைப் பட்டியில் அடைத்து வைத்திருந்தான். கதவைத் தொட்ட மூக்கு எங்கே போகப் பார்க்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. கையில் இருந்தது கயிறு. ஓநாயை இழுத்துப் போய்ப் பீடத்தில் ஏற்றி, முன்னங்கால்களைச் சேர்த்து இறுக்கிக் கட்டினாள். பிள்ளைக்கு வேறொன்று முறுக்கிக்கொள்ளலாம், கம்பளிக்கா பஞ்சம் என்று நினைத்தாள். அந்த ஊரில் பிள்ளை பெற்றவள் அப்படி நினைத்திருக்கக் கூடாது.

ஓநாய் அதன்பிறகு அசையவில்லை. ஜிபாரும் எழுந்து நிற்கவில்லை. ஒரு வயது போயிற்று, இரண்டு போயிற்று, மூன்றும் போயிற்று. எலும்பெல்லாம் இரும்பு மாதிரி இருக்கிறது என்றார் டாக்டர். சைகல் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டே வேலைக்குப் போனாள், வழியில் பார்ப்பவர்கள் கேட்பதற்கு முன்பே வேறு பேச்சு எடுத்தாள். ஓர் இலையுதிர் காலத்தின் கடைசியில் குழந்தையைக் குளிப்பாட்ட உதவிய ஓரகத்தி பாக்திகுல், அதன் கணுக்கால்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டிலும் சுற்றி ஒரு மெல்லிய தடம்.

“இது முறுக்குக் கயிறு பட்ட தழும்புடி. இவளுக்குன்னு முறுக்குனியே, அது எங்க?”

சைகல் சொன்னாள்.

“நல்லா இருக்கு உன் சமத்து. பிள்ளை கால்ல கட்ட வேண்டியத அது கால்ல கட்டிட்டு, டாக்டர்கிட்ட போய் மருந்து கேக்குற.”

“அவுத்தா அது போயிடும்க்கா. அவரு பட்டி அங்கதான இருக்கு.”

“ஆட்டுக்கு நாய் இருக்கு, துப்பாக்கி இருக்கு. இவளுக்கு யாருடி இருக்கா?”

ஒரோஸ்பெக்கிடம் கேட்டபோது அவன் கிண்ணத்துத் தேநீரைக் குடித்து முடித்தான். பிறகு, “வெட்டிடு. துப்பாக்கிய நான் பாத்துக்கறேன்,” என்றான்.

முறைப்படி செய்யாவிட்டால் கட்டு அவிழாது என்று பாக்திகுல் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஆகவே ஜிபாரை ஓநாய்க்கு எதிரே சுவரோரம் உட்காரவைத்து, தெருப் பிள்ளைகளை வாசலிலிருந்து ஓடவிட்டார்கள். தச்சன் மகள் முதலில் வந்து, ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கும் கத்தரியால் ஓநாயின் கயிற்றை வெட்டினாள். ஜிபார் எழுந்தாள். சுவரைப் பிடிக்கவில்லை, தள்ளாடவில்லை. நேராக நடந்து ஓநாயிடம் போய், பிரிந்த வயிற்றுத் தையலில் உள்ளங்கையை வைத்தாள். சைகல் வாய்விட்டு அழுதாள். பிள்ளைகள் எண்ணெயில் பொரித்த மாவு உருண்டைகளைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் முதல் பனி விழுந்திருந்தது, பீடம் காலியாக இருந்தது. வாசலிலிருந்து பள்ளத்தாக்கு வரை ஒற்றை வரிசையாகக் கால்தடம். கதவுக் கண்ணாடியை உடைக்காமல் போனதே என்றாள் பாக்திகுல்.

அந்தக் குளிர்காலம் பட்டியில் அவ்வப்போது ஆடு குறைந்தது. ஒரு விடியலில் ஒரோஸ்பெக் மேட்டில் காத்திருந்து அதைக் கண்டான். நடந்து வந்த ஓநாய் குறிக்கு நேராக வந்தது. ஓநாய்கள் முன்னால் போவதன் தடத்திலேயே கால் வைத்து நடக்கும், தடத்தை வைத்து எத்தனை என்று சொல்ல முடியாது. அதனால் பின்னால் இன்னொன்று வருகிறதா என்று பார்க்க, விசையை அழுத்தப்போன விரலை நிறுத்தினான். வந்தது. வெறுங்காலோடு, இரவுச் சட்டையோடு, ஓநாயின் ஒவ்வொரு தடத்திலும் தன் பாதத்தைப் பொருத்தி வைத்தபடி அவன் மகள் நடந்து வந்தாள். அப்பன் செத்தபோதுகூட அழாதவன், துப்பாக்கியைப் பனியில் போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதான். வீட்டுக்கு வந்து பார்த்தபோது ஜிபார் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். பாதம் மட்டும் ஈரமாகச் சில்லிட்டிருந்தது. சைகல் அதைத் தன் வயிற்றோடு அணைத்துச் சூடேற்றிக்கொண்டிருந்தாள். இது முதல் தடவை இல்லை என்று அவள் முகத்திலிருந்தே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

வசந்தத்தில் ஓநாய் மறுபடியும் பீடத்தில் நின்றது. ரோமம் அடர்ந்து, வயிற்றுத் தையல் கூடி, மேலுதடு இறங்கி வாய் சாந்தமாக மூடியிருந்தது. ஆய்வாளர் சுற்றிச் சுற்றி வந்து, வட்டாரத்திலேயே ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட உருப்படி இது ஒன்றுதான் என்று பாராட்டினார். என்ன மருந்து போடுகிறாய் என்று கேட்டார்.

“ஒண்ணுமில்லீங்க, காத்தாட விடுறேன்,” என்றாள் சைகல்.

அவர் அதை மற்ற அருங்காட்சியகங்களுக்கும் பரிந்துரைப்பதாகச் சொன்னார். பிறகு வந்த வருடங்களிலும் ஓநாய் முதல் பனிக்குப் போய், பனி உருகும்போது திரும்பி வந்தது. ஊர் அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு ஆடுகளை முன்கூட்டியே இறக்கியது. ஜிபார் பள்ளியில் வேகமாக ஓடும் பிள்ளை என்று பெயர் வாங்கினாள். அவள் மேலுதடு மட்டும் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் மேலேறிக்கொண்டிருந்தது. பல் முளைக்கிற வயது, இயற்கைதான் என்றார் டாக்டர். ஓர் இலையுதிர் காலத்தில், பனி விழுவதற்கு முன், ஒரோஸ்பெக் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றினான். அதைக் கொண்டுபோய் ஆட்டுப்பட்டிக் கதவில், ஏற்கெனவே இருந்த தாழ்ப்பாளுக்குக் கீழே, இரண்டாவதாகப் பொருத்தினான்.